நொய்மை பூச்சியம் என்று வந்தால் நம்பலாமா?

பாலையூற்று மாணவி, ஜனவரி 6

சேர், ஆர் (R) என்கிற புள்ளிவிபர மென்பொருளோடு வரும் சிறுநீரகத் தரவை வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். 38 நோயாளிகள், ஆளுக்கு இரண்டு தடவை, மொத்தம் 76 வரிகள். கொக்ஸ் என்கிற உயிர்வாழ்வு மாதிரியில் (மொடல்) வயது, பால், நோய் வகை மூன்றையும் போட்டு, ஆளுக்கு ஆள் வேறுபடும், அளக்க முடியாத ஆபத்துக்காக நோயாளிக்கு ஒரு ஃபிரெயில்டியும் சேர்த்தேன். காமா பரம்பல் என்று கொடுத்தால் நோயாளிகளுக்கு இடையிலான மாறற்றிறன் (வேரியன்ஸ்) 0.0000005 வருகிறது. பூச்சியம் என்றே சொல்லலாம். அதே கட்டளையில் காமாவை எடுத்துவிட்டுக் கௌசியன் போட்டால் 0.49. தரவு அதே தரவு, ஆட்கள் அதே ஆட்கள். எது பிழை? ஒருவரிடம் கேட்டேன், "பூச்சியம் வந்தால் நல்லது, சாதாரணக் கொக்ஸ் போதும்" என்றார். மனம் கேட்கவில்லை.

சாம்பல்தீவான், ஜனவரி 6, இரவு

மனம் கேட்காதது சரிதான், தங்கச்சி.

முதலில் அந்தத் தரவு என்னவென்று மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மக்கில்கிறிஸ்ட், ஐஸ்பெட் இருவரும் 1991இல் வெளியிட்டது. கொண்டு திரியக்கூடிய டயலிசிஸ் கருவிக்காகக் கதீற்றர் போட்ட இடத்தில் கிருமி தொற்ற எத்தனை நாள் எடுத்தது என்பதுதான் கணக்கு. தொற்று வந்தது 58 தடவை. மிச்சம் 18 தடவை வேறு காரணத்துக்காகக் கதீற்றரைக் கழற்றிவிட்டார்கள். இதைத்தான் சென்சார் ஆனது என்கிறோம். தணிக்கை என்று தமிழாக்கினால் படத்தில் காட்சி வெட்டின கதை ஆகிவிடும், அதனால் சென்சாராகவே இருக்கட்டும். ஃபிரெயில்டியை மட்டும் நொய்மை என்று எழுதுகிறேன். அந்தச் சொல் பொருந்தி வருகிறது.

நீங்கள் ஒரு சொல்லைத்தான் மாற்றினீர்கள், ஆனால் மென்பொருள் இரண்டு விடயங்களை மாற்றிவிட்டது. பரம்பல் மாறியது ஒன்று. மாறற்றிறனை மதிப்பிடும் வழி மாறியது மற்றது. காமாவுக்கு அது நேரடி உச்ச லைக்லிஹூட் வழியில், அதாவது தரவுக்கு மிகப் பொருந்துகிற பெறுமானத்தைத் தேடுகிற வழியில், போகிறது. கௌசியனுக்கு ரெமல் என்கிற திருத்திய வழியில் போகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு ஏஎல் வகுப்பிலேயே தெரிந்ததுதான். நியம விலகல் காணும்போது n ஆல் வகுப்பதா n−1 ஆல் வகுப்பதா என்ற அதே பழைய சண்டை. இடையை நாமே தரவிலிருந்து எடுத்துவிட்டு, அதை ஆண்டவன் தந்தது போலப் பாவித்து விலகலை அளந்தால் விலகல் சிறிதாகத்தான் தெரியும். ஐந்து பேர் என்றால் மாறற்றிறனில் ஐந்தில் நாலு பங்குதான் கிடைக்கும்.

உங்கள் மாதிரியில் வயதுக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று, நோய் வகைக்கு மூன்று. ஆக ஐந்து குணகங்கள், 38 ஆட்களுக்கு. ஆட்களுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தின் ஒரு பகுதியை அந்த ஐந்தும் தின்றுவிடுகின்றன. தின்ற கணக்கை உச்ச லைக்லிஹூட் கழிப்பதில்லை, ரெமல் கழிக்கிறது. அதனால் பூச்சியத்தைப் பார்த்து "ஆட்களுக்குள் வித்தியாசம் இல்லை" என்று படிக்காதீர்கள். "இந்தத் தரவால் சொல்ல முடியவில்லை" என்று படியுங்கள்.

ஜனவரி 7

இரவு ஒன்றை விட்டுவிட்டேன். மாறற்றிறன் பூச்சியமா இல்லையா என்று சோதிக்கும்போது கைவர்க்க அட்டவணையின் வழமையான ஐந்து சதவீத எல்லையான 3.84ஐ எடுக்காதீர்கள். மாறற்றிறன் பூச்சியத்துக்குக் கீழே போக முடியாது, சுவரோடு சாய்ந்து நிற்கிற கணியம் அது. சுவரடியில் கைவர்க்கப் பரம்பல் பாதிதான், மற்றப் பாதி பூச்சியத்திலேயே குவிந்து கிடக்கும். ஐந்து சதவீதத்துக்கு எல்லை 2.71. இது தெரியாமல் "நொய்மை தேவையில்லை" என்று எழுதிய ஆய்வேட்டுப் பக்கங்கள் எத்தனையோ என் மேசைக்கு வந்து போயிருக்கின்றன. முதல் இரண்டை அப்படி எழுதச் சொன்னதே நான்தான்.

ஜனவரி 9

இனி என் கதை. சிறுநீரகம் எனக்குத் தெரியாத உலகம். எனக்குத் தெரிந்தது அம்மாவின் கோழி.

சாம்பல்தீவில் அம்மாவின் வளவில் எப்போதும் ஆறேழு பேடுகள் நிற்கும். எந்தக் கோழி எப்போது அடை கிடந்தது, எத்தனை குஞ்சு, எது எப்போது போனது என்றெல்லாம் அம்மா ஒரு சீஆர் கொப்பியில் எழுதி வைப்பார். பேனை கிடைக்காத நாளில் அடுப்புக்கரியாலும் எழுதியிருக்கிறார். மூன்று வருடக் கொப்பியைப் போன கச்சான் காலத்தில் உட்கார்ந்து கணினியில் ஏற்றினேன். 23 அடை, 187 குஞ்சு. அறுபது நாள் வரை பார்ப்பது, அதற்குமேல் உயிரோடு இருந்தால் சென்சார். காகம், கீரி, செம்பகம், மாரி மழைக் குளிர், அம்மை என்று சாவுக்கு வழி நிறைய.

ஒரே தாயின் குஞ்சுகள் ஒன்றுக்கொன்று சுயாதீனமானவை அல்ல என்பதை அம்மாவுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கறுப்பி காகத்தைக் கண்டால் செட்டையை விரித்துக்கொண்டு பாயும். கழுத்துமொட்டை குஞ்சுகளை நடு வெயிலில் விட்டுவிட்டுத் தான் மட்டும் குப்பை கிளறும். "குஞ்சைப் பார்க்காதே, தாயைப் பார்" என்பது அம்மாவின் கணக்கு. வாப்பல், மான்ரன், ஸ்ராலார்ட் மூவரும் 1979இல் ஃபிரெயில்டி என்று பெயர் வைத்ததும் கிட்டத்தட்ட இந்தப் பார்வைக்குத்தான். அவர்கள் தனி ஆளுக்கு வைத்தார்கள், பின்னால் வந்தவர்கள் கொத்துக்குப் பொதுவாக்கினார்கள்.

நொய்மை போடாமல் ஓட்டினால் மாரிக் குஞ்சுக்கும் கச்சான் காலக் குஞ்சுக்கும் உள்ள வித்தியாசம் சின்னதாக வருகிறது. போட்டு ஓட்டினால் பெரிதாகிறது. சிறுநீரகத் தரவிலும் இதே கூத்துதான்: வயதும் பாலும் மட்டும் போட்டால் பாலின் குணகம் −0.83, காமா நொய்மையோடு −1.59. அதாவது கொக்ஸ் மாதிரியின் விடை பாதிக்குப் பாதி சாய்ந்து கிடக்கிறது. நொய்மையைப் போட்டால் நிமிர்கிறது.

ஜனவரி 11

மேலே கடைசி இரண்டு வசனத்தையும் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். கிண்ணியாவிலிருந்து ஒரு நண்பர் தனியாக எழுதிக் கேட்டார்: "சாய்வு என்கிறீர்களே, எதிலிருந்து சாய்வு?" நல்ல அடி.

சாய்வு என்று சொல்ல ஓர் உண்மைப் பெறுமானம் வேண்டும். இங்கே உண்மை இரண்டு இருக்கிறது. ஒரே கோழியின் கீழ் மாரியில் வளர்ந்தால் என்ன, கச்சானில் வளர்ந்தால் என்ன என்பது ஒரு கேள்வி. ஊரில் உள்ள மாரிக் குஞ்சு எல்லாவற்றையும் கச்சான் குஞ்சு எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் என்ன என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு நொய்மை மாதிரி விடை சொல்கிறது, இரண்டாவதற்குச் சாதாரணக் கொக்ஸ் ஒரு சராசரி விடை சொல்கிறது. இரண்டு எண்ணும் ஒன்றாக வரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கல்குலேற்றரில் போட்டுப் பாருங்கள். காமா நொய்மை, மாறற்றிறன் 1. தாய்க்குள் ஒப்பிட்டால் மாரியின் ஆபத்து இரண்டு மடங்கு என்று வைப்போம். ஊர் அளவில் முதல் நாள் அதே இரண்டு மடங்குதான். கச்சான் பக்கத்தின் திரண்ட ஆபத்து (நாளுக்கு நாள் சேர்ந்து வந்த ஆபத்தின் கூட்டு) 1ஐத் தொடும்போது ஊர் அளவு விகிதம் 1.33 ஆகிவிடும். 3ஐத் தொடும்போது 1.14. யாரும் ஏமாற்றவில்லை. மாரியில் நொய்ந்த அடைகள் முதலில் போய்விடுகின்றன, மிஞ்சி நிற்பவை நல்ல தாயின் குஞ்சுகள். அவற்றைக் கச்சான் குஞ்சுகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் கரைந்துதான் தெரியும். அதைப் பார்த்துவிட்டு "மாரியின் தாக்கம் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடுகிறது" என்று எழுதுவதுதான் பிழை. ஆபத்து விகிதம் காலத்தோடு மாறுகிறது என்று சோதனை சொல்லும்போதெல்லாம் பின்னால் நொய்மை ஒளிந்திருக்கிறதா என்று ஒரு தடவை எட்டிப் பார்க்க வேண்டும்.

நேர் நிலையான (பொசிற்றிவ் ஸ்ரேபிள்) பரம்பலை நொய்மைக்கு எடுத்தால் இந்தக் கரைதல் நடக்காது, இரண்டு பக்கமும் விகிதசமமாகவே நிற்கும், குணகம் மட்டும் ஒரே காரணியால் சுருங்கும். ஹௌகார்ட் 1986இல் காட்டியது. ஆனால் அந்தப் பரம்பலுக்கு மாறற்றிறனே முடிவிலி. அம்மாவிடம் விளக்கப் போய் அடி வாங்க நான் தயாரில்லை.

ஆகவே, தங்கச்சி, −0.83க்கும் −1.59க்கும் உள்ள தூரம் முழுவதும் சாய்வு இல்லை. எவ்வளவு சாய்வு, எவ்வளவு கேள்வி வித்தியாசம் என்று பிரித்துச் சொல்லாமல் "சாய்வைக் குறைத்தேன்" என்று ஆய்வேட்டில் எழுதாதீர்கள். நான் இரண்டு நாளைக்கு முன் எழுதினேன், அது போதும்.

ஜனவரி 13

நாளை மறுநாள் பொங்கல், வீட்டில் வேலை தலைக்கு மேல். ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். 21ஆம் நோயாளியைப் பார்த்தீர்களா?

ஜனவரி 16

மாணவி பார்த்திருக்கிறார். ஆண், 46 வயது, சிறுநீரகத்தில் நீர்க்கட்டி நோய், 152 நாளும் 562 நாளும். தரவில் ஆண்கள் பத்தே பேர். பெரும்பாலும் சீக்கிரமே தொற்று வந்தவர்கள். இவர் மட்டும் ஒற்றைப் பனை மாதிரி நிற்கிறார். நோய் வகையைப் போடாதபோது இந்த மனிதரை விளக்க மாதிரிக்கு நொய்மை தேவைப்படுகிறது, மாறற்றிறன் 0.41 வருகிறது. நோய் வகையைப் போட்டதும் நீர்க்கட்டிக் குணகம் −1.4 அளவுக்கு இறங்கி அவரை ஓரளவு ஏந்திக்கொள்கிறது. நொய்மைக்கு வேலை போய்விடுகிறது. நீர்க்கட்டிக்காரர் எல்லாருமாக நாலு பேர்தான். ஆக, உங்கள் பூச்சியத்தின் பெரும் பகுதி ஓர் ஆளின் கதை. அவரை எடுத்துவிட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். எடுத்துவிட்டதை முடிவாக எழுதச் சொல்லவில்லை. எதில் தொங்குகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜனவரி 21

மழை. கரண்டும் போய் வந்துகொண்டிருக்கிறது. மடிக்கணினியில் இருக்கிற சார்ஜ் முடியுமுன் எழுதுகிறேன்.

என் 23 அடைக்குக் காமா, உச்ச லைக்லிஹூட் வழியில் 0.31 வந்தது. சின்னதாக இருக்கும் என்ற சந்தேகம் முன்பே இருந்ததால் ஜாக்நைஃப் போட்டேன். 1949இல் கெனூய் தொடங்கிய பழைய உத்தி. ஒவ்வொன்றாக விட்டுவிட்டு மறுபடி மதிப்பிடுவது. இங்கே நான் செய்த முதல் முட்டாள்தனம், குஞ்சை ஒவ்வொன்றாக விட்டது. 187 தடவை ஓடியது, ஒன்றும் அசையவில்லை. "சாய்வே இல்லை" என்று சந்தோஷமாகத் தேநீர் குடித்தேன். விட வேண்டியது குஞ்சை இல்லை, கோழியை. சுயாதீனமான அலகு அடைதான், சாய்வு வருவதும் அடைகளின் எண்ணிக்கை குறைவாக இருப்பதால்தான்.

அடையை விட்டு ஓட்டினால் 23 மதிப்பீடு. அவற்றின் சராசரி 0.302. இனிப் பள்ளிக்கூடக் கணக்கு: 23 தரம் 0.31 சமன் 7.13, 22 தரம் 0.302 சமன் 6.644, கழித்தால் 0.486. ரெமல் வழியில் கௌசியன் போட்டபோதும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் வந்தது. இரண்டு பரம்பலின் மாறற்றிறனும் ஒரே அளவுகோல் இல்லை என்பதால் அதை வைத்து நெஞ்சை நிமிர்த்த முடியாது.

ஆனால் ஜாக்நைஃப் இலவசம் இல்லை. மூன்றாம் தசமத்தில் ஒரு சின்ன அசைவு 22ஆல் பெருகி வருகிறது பாருங்கள். 0.302க்குப் பதில் 0.306 என்றால் விடை 0.398. சாய்வைக் குறைக்கிறோம், ஆட்டத்தைக் கூட்டுகிறோம். சில தரவில் மாறற்றிறனே மறையாகவும் வந்து நிற்கும். பூட்ஸ்ட்ராப் செய்பவர்களும் கோழியைத்தான் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும், குஞ்சை அல்ல.

கொத்து அடிப்படையிலான உறுதி நியம வழு, அதுதான் சான்ட்விச் என்கிறார்களே, அதையும் பாவிக்கலாம். நொய்மையே வேண்டாம், ஊர் அளவுக் குணகம் போதும் என்பவர்களுக்கு நல்லது. 23 கொத்து போன்ற சின்ன எண்ணிக்கையில் அதுவும் வழுவைக் குறைத்தே காட்டும்.

ஜனவரி 22

சார்ஜ் முடிந்துவிட்டது நேற்று. சொல்லாமல் விட்டது: குசினிக் குஞ்சு.

மழை இரவுகளில் அம்மா சில அடைகளைக் கரப்போடு தூக்கிக் குசினிக்குள் வைப்பார். அந்தக் குஞ்சுகளில் ஒன்றுகூட அறுபது நாளுக்குள் சாகவில்லை. குசினி என்று ஒரு மாறி போட்டேன், குணகம் −18, வழு ஆயிரக்கணக்கில். மென்பொருள் ஓடி ஓடிக் களைத்து நின்ற இடம்தான் 18. உண்மையில் அது முடிவிலிக்குப் போகிற வழி. இந்த மாதிரி இடத்தில் ஃபர்த் 1993இல் சொன்ன திருத்தம் கைகொடுக்கும். லைக்லிஹூட்டோடு ஒரு சின்னத் தண்டத்தைச் சேர்த்து, சாய்வை முளையிலேயே கிள்ளுவது. ஹைன்ஸ், ஷெம்பர் இருவரும் 2001இல் அதைக் கொக்ஸ் மாதிரிக்குக் கொண்டுவந்தார்கள். எனக்கு முடிவுள்ள ஓர் எண் வந்தது. நம்பிக்கை ஆயிடை மூதூர்ப் படகுப்பாதை அளவு அகலம், ஆனால் எண் வந்தது.

ஜனவரி 22, பிறகு

குசினிக்குள் போவது அம்மாவுக்குப் பிடித்த கோழியின் குஞ்சு என்பதையும் யாரும் மறக்க வேண்டாம். ஃபர்த் அதைத் திருத்தமாட்டார்.

ஜனவரி 28

ஒருவர் எச்-லைக்லிஹூட் பற்றிக் கேட்டிருக்கிறார். லீ, நெல்டர் 1996. ஹா, லீ, சோங் 2001இல் அதை நொய்மை மாதிரிக்குக் கொண்டுவந்தார்கள். நொய்மையைத் தொகையிட்டு அகற்றுவதற்குப் பதில் லப்லாஸ் அண்ணளவாக்கத்தால் சுற்றிப் போவது. 1993இல் பிரெஸ்லோ, கிளேற்றன் சொன்ன தண்ட வழிக்குத் தம்பி முறை. எங்கே சறுக்கும் என்றால், கொத்துக்குள் ஆள் குறைந்து சென்சாரும் கூடிய இடத்தில். ஓர் அடையில் எட்டுப் பத்து என்றால் அண்ணளவாக்கம் தாங்கும். சிறுநீரகத் தரவு மாதிரி ஆளுக்கு இரண்டே அவதானிப்பு, அதில் ஒன்று சென்சார் என்றால் முதல் வரிசை அண்ணளவாக்கம் மாறற்றிறனைச் சுருக்கிவிடும். அங்கேதான் இரண்டாம் வரிசைத் திருத்தம் தன் கூலிக்கு வேலை செய்கிறது. எனக்கு அதைப் போட்டும் போடாமலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மாணவிக்குத் தெரியும்.

பிப்ரவரி 2

இன்று அம்மாவோடு இருந்து கொப்பியைத் திரும்பப் பார்த்தேன். எல்லா அடையிலும் முதல் வரி மூன்றாம் நாளில் தொடங்குகிறது. ஒன்று இரண்டு என்றால் மறதி எனலாம், 23லும் அப்படியே. ஏன் என்று கேட்டேன். "பொரித்த குஞ்சை மூன்று நாளைக்கு எண்ணக்கூடாது, கண்ணூறு" என்றார்.

மூன்று வருடக் கொப்பியை வைத்து நான் உயிர்வாழ்வுப் பகுப்பாய்வு செய்தது கண்ணூறு கழிந்த குஞ்சுகளை.

இது சின்ன விடயம் இல்லை. முதல் இரண்டு நாளில்தான் சாவு அதிகம். மிதிபடுவது, குளிர், தாயோடு எழுந்து போக முடியாமல் கிடப்பது. அந்த வடிகட்டலில் நொய்ந்த அடைகள் ஏற்கெனவே இளைத்துவிட்டன. முழுதாகப் போன அடை கொப்பிக்கே வரவில்லை. மூன்றாம் நாள் ஆறு குஞ்சோடு நிற்கிற அடையையும் பன்னிரண்டோடு நிற்கிற அடையையும் ஒரே நொய்மைப் பரம்பலிலிருந்து புதிதாக எடுத்தவை என்று மாதிரி நினைக்கிறது. பன்னிரண்டு உயிரோடு நிற்கிறது என்பதே தாயைப் பற்றிய சாட்சி. அந்தச் சாட்சியை மென்பொருள் கேட்கவேயில்லை. தொடக்க நாளை 0க்குப் பதில் 3 என்று எழுதினால் ஆபத்துக் கூட்டம் (அந்தந்த நாளில் கணக்கில் நிற்கிற குஞ்சுகள்) சரியாகும், நொய்மையின் பரம்பல் சரியாகாது. "மூன்றாம் நாள் வரை தப்பியது" என்ற நிபந்தனையை லைக்லிஹூட்டுக்குள்ளேயே வைக்க வேண்டும்.

வேறு வழி ஒன்று கிடைத்தது. அம்மா குஞ்சைத்தான் எண்ணமாட்டார், முட்டையை எண்ணுவார். வைத்த முட்டை எத்தனை, எறிந்த கூழ்முட்டை எத்தனை என்பது கொப்பியின் பின்பக்கத்தில் இருக்கிறது. கழித்தால் பொரித்தது எத்தனை என்று வந்துவிடும். மூன்றாம் நாள் எண்ணிக்கையை அதிலிருந்து கழித்தால் விடுபட்ட சாவு. நாள் தெரியாது, ஆனால் 0க்கும் 3க்கும் இடையில் என்று ஆயிடையாகப் போடலாம்.

பிப்ரவரி 4

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்: "ஒரே நாளில் பல சாவு இருந்தால் பிரெஸ்லோவா எஃப்ரனா?" எஃப்ரன். சாவுகள் ஒரே நாளில் குவியும்போது பிரெஸ்லோ வழி குணகத்தைப் பூச்சியத்துப் பக்கம் இழுக்கும். ஆர் தானாகவே எஃப்ரனைத்தான் எடுக்கிறது. வேறு மென்பொருளில் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 18

இரண்டு கிழமையாக எழுதவில்லை. வெட்கம் ஒரு காரணம்.

கூழ்முட்டைக் கணக்கைச் சேர்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். புள்ளிக்காரியின் ஓர் அடையில் வைத்த முட்டை ஒன்பது, குஞ்சு பதினொன்று. பிழையாகத் தட்டிவிட்டேன் என்று கொப்பியைத் திறந்தேன். அம்மாவின் எழுத்தும் பதினொன்று என்றுதான் சொல்கிறது. பக்கத்தில் சின்னதாக "பச்சை 8 சிவப்பு 3". அந்த நிறங்கள் எல்லாப் பக்கத்திலும் உண்டு. குஞ்சின் காலில் அம்மா கட்டும் தையல் நூல். சேவல், பேடு என்று பிரிக்கக் கட்டுகிறார் என்று நானே நினைத்துக்கொண்டு அந்த நிரலை ஏற்றாமல் விட்டிருந்தேன்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கேட்டேன்.

"மூன்று குஞ்சு மிஞ்சினால் அதுக்கு ஒரு கோழி மினக்கெட்டுத் திரியவேணுமோ? ராவில எடுத்து மற்றக் கோழிக்குக் கீழே விட்டால் விடிய அதுக்கு எண்ணத் தெரியாது. இது கெதியா முட்டைக்கு வந்திடும்."

"ஏன் அம்மா சொல்லவில்லை?"

"நீ கேட்கேல்லையே."

ஆக, என் கொத்துகள் கொத்துகளே இல்லை. 23இல் ஆறு அடையில் மாற்றான் குஞ்சு. கழுத்துமொட்டையின் கீழ் ஏழு செத்து மூன்று தப்பினால், அந்த மூன்றும் புள்ளிக்காரியின் கணக்கில் ஏறிவிட்டன. அதுவும் மூன்றாம் நாளிலிருந்தே அங்கே இருந்ததாக நான் எழுதியிருக்கிறேன். அவை போய்ச் சேர்ந்ததோ பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து. அதுவரை தப்பினால்தானே மாற்ற முடியும்! புள்ளிக்காரி அந்தப் பன்னிரண்டு நாளுக்கும் சாவே இல்லாத குஞ்சுகளைச் சும்மா பெற்றுக்கொண்டாள். தாய்களைக் கலந்து பெயர் எழுதினால் தாய்களுக்கு இடையிலான மாறற்றிறன் சுருங்காமல் என்ன செய்யும்? நான் 0.31ஐ ஜாக்நைஃபால் சீவி 0.486 ஆக்கியது ஒரு சாய்வுக்கு மருந்து. வேறு சாய்வு பக்கத்திலேயே சிவப்பு நூல் கட்டிக்கொண்டு நின்றது.

பிப்ரவரி 20

திருத்தியது எப்படி என்று கேட்டவர்களுக்கு. மாற்றப்பட்ட குஞ்சுக்கு இரண்டு வரி: மாற்றிய நாள் வரை பழைய தாய், அதற்குப் பிறகு புதிய தாய். பெற்ற தாய்க்கு ஒரு நொய்மை, வளர்த்த தாய்க்கு வேறு நொய்மை, இரண்டும் குறுக்காக. கொக்ஸ்எம்இ பொதியில் இது வரும், கௌசியன் மட்டும். மாற்றிய நாளை எப்படி அறிந்தேன் என்றால், பழைய கோழி திரும்ப முட்டையிடத் தொடங்கிய நாளை அம்மா எழுதியிருக்கிறார். அதிலிருந்து பின்னோக்கிப் போனேன். அண்ணளவுதான்.

வளர்த்த தாயின் மாறற்றிறன் 0.58. பெற்ற தாய்க்குக் கிட்டத்தட்டப் பூச்சியம். ஜனவரி 6இல் நானே எழுதினபடி, இந்தப் பூச்சியத்தை "இந்தத் தரவால் சொல்ல முடியவில்லை" என்றுதான் படிக்கிறேன். மாற்றான் குஞ்சு இருபதுகூட இல்லை.

பாலையூற்று மாணவி, பிப்ரவரி 21

சேர், அப்போ என்ர சிறுநீரகத் தரவு?

பிப்ரவரி 21

அந்த 38 பேரையும் இரவில் யாரும் கட்டில் மாற்றவில்லை என்றுதான் நினைக்கிறேன். இரண்டு பரம்பலையும், இரண்டு வழியையும், 21ஆம் ஆள் இருந்தும் இல்லாமலும் ஓட்டி, எல்லா எண்ணையும் ஒரே அட்டவணையில் போட்டுக் கொடுங்கள். பூச்சியத்தை மட்டும் தனியாகக் கொடுக்காதீர்கள். உங்கள் சொந்தத் தரவுக்குப் போகும்போது, அதை எழுதியவரிடம் போய் ஒரு பின்னேரம் இருங்கள். கொப்பியின் பின்பக்கத்தையும் பாருங்கள்.

மார்ச் 3

புள்ளிக்காரி நேற்றிலிருந்து பதினொரு முட்டையில் அடை. நூல் நீலம். பொரித்த அன்றே குஞ்சை எண்ண அம்மா விடமாட்டேன் என்கிறார், கூட்டுக்குள் கிடக்கிற கோதை எண்ணலாமாம். ஆனால் சத்தமில்லாமல்.